லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தால்: ஃபார்மட் அடிக்கும் முன்

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் நிறுவுவது இன்று பெரிய வித்தை இல்லை. பென் டிரைவில் ஏற்றி, நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் வேலை முடிந்தது. கஷ்டம் அதற்கப்புறம்தான். மறுபடி ஆன் செய்தால் கருப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியைப் பெரும்பாலானவர்கள் படிப்பதே இல்லை. "சிஸ்டம் போச்சு, ஃபார்மட் அடிச்சிரலாம்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இங்கே நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நின்றுபோனது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. இடம் தெரிந்தால் பழுது பெரும்பாலும் பத்து நிமிஷ வேலை. தெரியாமல் ஃபார்மட் அடித்தால், பழுதே இல்லாத உங்கள் ஃபைல்களைத்தான் அழிக்கிறீர்கள்.

நம் ஊர்ப்பக்கம் இது சின்ன விஷயமில்லை. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸோடு கூடவே 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது. பல வீடுகளில் அந்த லேப்டாப்தான் முதல் கம்ப்யூட்டர். சில வீடுகளில் இன்றைக்கும் ஒரே கம்ப்யூட்டர். போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன், கல்யாண வீடியோ எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்துபோனதால், இப்படிப்பட்ட பழைய பெட்டிகளுக்கு லினக்ஸ் போடச் சொல்லிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது கட்டளைப் பட்டியல் இல்லை. கட்டளைகளின் ஸ்பெல்லிங் இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும். எந்தக் கட்டளையை எப்போது, எதற்காகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் குழப்பம். அதை மட்டும் பார்ப்போம்.

பூட் என்றால் என்ன

ஆங்கிலத்தில் 'பூட்ஸ்ட்ராப்' என்பது பூட்ஸின் பின்பக்கம் இருக்கும் வார். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற வேடிக்கையான சொல்வழக்கிலிருந்து கணினிக்கு வந்த சொல் அது. எங்கள் கரிசல் பக்கத்தில் 'வண்டி பூட்டுறது' என்று ஒரு வேலை உண்டு. ஒலி ஒற்றுமை மட்டும்தான்; வேர்ச்சொல் ஆராய்ச்சி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! ஆனால் விளக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். மாடு, நுகத்தடி, பூட்டாங்கயிறு, சக்கரம், கடையாணி என்று ஒவ்வொன்றும் சரியாக இருந்தால்தான் வண்டி நகரும். நகரவில்லை என்றால் எது கழன்றது என்று பார்ப்போமே தவிர, வண்டியைக் கொளுத்திவிட்டுப் புது வண்டி செய்ய மாட்டோம்.

கம்ப்யூட்டரில் இந்தப் பூட்டு ஐந்து கட்டங்களில் நடக்கிறது:

1. போர்டில் இருக்கும் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ விழித்துக்கொண்டு, எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்று தேடுகிறது.
2. அந்த டிஸ்கில் இருக்கும் பூட்லோடர், அதாவது கிரப், எழுந்து மெனு காட்டுகிறது.
3. கிரப் லினக்ஸ் கெர்னலையும், இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன தற்காலிக ஃபைல் சிஸ்டத்தையும் நினைவகத்தில் ஏற்றுகிறது.
4. கெர்னல் உண்மையான லினக்ஸ் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து இணைக்கிறது.
5. சிஸ்டம்டி மற்ற சேவைகளையும் கடைசியில் திரையையும் கொண்டுவருகிறது.

ஒவ்வொரு கட்டமும் தன் வேலையை முடித்து அடுத்தவரிடம் கைமாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதனால் எவர் பேசிக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றதோ, அவருக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். துப்பறிவதற்கு இது போதும்.

முதல் கட்டம்: பயாஸ் தேடுகிறது

"நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" போன்ற வரிகளைச் சொல்வது பயாஸ். லினக்ஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. இங்கே பார்க்க வேண்டியவை மூன்று.

முதலில், ஹார்ட் டிஸ்க் தெரிகிறதா? ஆன் செய்தவுடன் எஃப் 2 அல்லது டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். (எந்தக் கீ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) அங்கே டிஸ்கின் பெயரே இல்லை என்றால் கேபிளோ டிஸ்கோ போயிருக்கிறது. எத்தனை தடவை லினக்ஸ் போட்டாலும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது, தேதி சரியாக இருக்கிறதா? பத்து வருஷப் பெட்டிகளில் போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை கரண்ட் எடுத்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழைய தேதிக்கும் பழைய அமைப்புக்கும் போய்விடும். பூட் வரிசையும் மாறிவிடலாம். தேதி பின்னால் போனால் இன்னொரு தொல்லை உண்டு. பாதுகாப்புச் சான்றிதழ்கள் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று ஆகிவிடும். வெப்சைட் திறக்காது, அப்டேட் மறுக்கும். பெட்டிக்கடை விலையில் கிடைக்கும் பேட்டரி அது. அதை மாற்றாமல் சாஃப்ட்வேரில் தேடிக்கொண்டிருப்பது வீண்.

மூன்றாவது, பயாஸ் முறையா, யூஇஎஃப்ஐ முறையா? இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம்.

பயாஸ் என்பது 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்து ஏற்பாடு. அது டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து, அதில் இருப்பதை அப்படியே ஓட்டும். அந்த 512-இல் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. இதைத்தான் எம்பிஆர் என்கிறோம். யூஇஎஃப்ஐ வேறு மாதிரி. அது டிஸ்கில் ஃபேட் 32 வகையில் ஒரு சின்ன பார்ட்டிஷனைத் தேடி, அதற்குள் இருக்கும் பூட் ஃபைலைப் பெயர் சொல்லி எடுக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததை ஒட்டிப் புது லேப்டாப்கள் இந்த முறைக்கு மாறின. பல பெட்டிகளில் இரண்டு முறையும் இருக்கும்.

சிக்கல் எப்படி வருகிறது? பென் டிரைவைப் பயாஸ் முறையில் எழுப்பி லினக்ஸ் போட்டிருப்பீர்கள். பெட்டி யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் தேடும். லினக்ஸ் முழுசாக உள்ளே இருக்கும், வீட்டுக்குப் போகும் வழிதான் தெரியாது. பயாஸ் அமைப்பில் 'லெகஸி' முறையை மாற்றிப் பார்த்தால் பல நேரம் உடனே எழுந்துவிடும். சில பழைய யூஇஎஃப்ஐகள் லினக்ஸ் எழுதிவைத்த பெயரைக் கண்டுகொள்ளாமல், பொதுவான மாற்று இடம் ஒன்றில் மட்டும் தேடும். கிரப்-இன்ஸ்டால் கட்டளைக்கு 'ரிமூவபிள்' என்று ஒரு தெரிவு உண்டு. அது பூட் ஃபைலை அந்தப் பொது இடத்தில் போட்டுவிடும்.

இரண்டாம் கட்டம்: கிரப்

பழைய கம்ப்யூட்டர் பழுதுகளில் என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேதான்.

பயாஸ் முறையில் 446 பைட்டுக்குள் என்ன நிரல் எழுத முடியும்? கிரப் அதனால் மூன்று துண்டாக உட்கார்ந்திருக்கிறது. முதல் துண்டு எம்பிஆரில். இரண்டாவது துண்டு, எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே இருக்கும் காலி இடத்தில்; இதைக் கரு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது துண்டு, அதாவது மெனுவும் மற்ற உறுப்புகளும், லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் 'பூட்' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. முதல் இரண்டும் பார்ட்டிஷனுக்கு வெளியே, மூன்றாவது உள்ளே. இதை மனசில் வைத்துக்கொண்டால் கிரப் சொல்லும் எல்லாமே புரியும்.

வெறும் "கிரப்" என்று மட்டும் எழுதி கர்சர் துடித்தால், மூன்று துண்டும் கிடைத்துவிட்டன, மெனு ஃபைல் மட்டும் இல்லை. லேசான பழுது.

"கிரப் ரெஸ்க்யூ" என்று வந்தால் கரு எழுந்துவிட்டது, உறுப்புகளைக் காணோம். அதற்கு மேல் இருக்கும் வரிதான் காரணம் சொல்லும். "நோ சச் பார்ட்டிஷன்" என்றால், தேடிய பார்ட்டிஷனை யாரோ அழித்துவிட்டார்கள் அல்லது எண் மாறிவிட்டது. இரட்டை இயக்க முறை லேப்டாப்களில் இது மிகவும் சகஜம். "லினக்ஸ் எதுக்கு, இடத்தை அடைச்சிக்கிட்டு" என்று விண்டோஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். மறுநாள் விண்டோஸும் எழாது, ஏனென்றால் விண்டோஸை எழுப்பிக்கொண்டிருந்ததே அந்த கிரப்தான். விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசல்காவல்காரனை அனுப்பிவிட்டார்கள், அவ்வளவே.

"சிம்பல் ... நாட் ஃபவுண்ட்" என்று நடுவில் புரியாத ஒரு பெயரோடு வந்தால், கருவும் உறுப்புகளும் வெவ்வேறு பதிப்பு. 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டைக்காக கிரப்பை உலகம் முழுக்கப் புதுப்பித்தபோது, பல உபுண்டு, டெபியன் பெட்டிகள் இதே வரியைச் சொல்லி நின்றன. உறுப்புகள் புதுசாகிவிட்டன, எம்பிஆர் பக்கத்துக் கரு பழசாகவே இருந்துவிட்டது. இருவருக்கும் பேச்சு ஒத்துவரவில்லை.

தாத்தாவின் குரல் இருந்த லேப்டாப்

இந்த 'சிம்பல்' வரியை நான் நேரில் பார்க்காமல் போனில் கேட்டு சரிசெய்த கதை ஒன்று உண்டு. என் அக்கா மகளுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப். 2014-இல் அதில் அவள் தன் தாத்தாவை, அதாவது என் அப்பாவை, உட்காரவைத்து இளையரசனேந்தல் ஜமீன் காலத்துக் கதைகளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். அப்பா இப்போது இல்லை. ஊர் வரலாறு பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தப் பதிவுகள் எப்படிப்பட்டவை என்று சொல்ல வேண்டியதில்லை. அவை விண்டோஸ் பார்ட்டிஷனில் இருந்தன. நகல் வேறு எங்கும் இல்லை.

இன்னொரு பார்ட்டிஷனில் சில வருஷங்களுக்கு முன் போட்ட லினக்ஸ் இருந்தது. அதே இடத்தில் டெபியன் 12-ஐ அவள் தோழி போட்டுக்கொடுத்தாள். அன்றைக்கு நன்றாக ஓடியது. தோழி பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் போன் வந்தது.

"மாமா, லேப்டாப் எந்திரிக்க மாட்டேங்கு. கடைல கேட்டேன், ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்னு சொல்லுதாங்க."

"கடைக்குக் கொடுக்காத தாயி. திரையில என்ன எழுதியிருக்கு? எழுத்தெழுத்தா வாசி."

அவள் வாசித்தாள். சிம்பல், ஒரு நீளமான பெயர், நாட் ஃபவுண்ட். அடுத்த வரி கிரப் ரெஸ்க்யூ.

"நேத்து ஓடும்போது பென் டிரைவ் சொருகித்தான் இருந்துச்சா?"

"ஆமா மாமா. அவ போகும்போதுதான் உருவிக்கிட்டுப் போனா."

அதோடு விஷயம் தெளிவாகிவிட்டது. லினக்ஸ் நிறுவும்போது கடைசியில் "பூட்லோடரை எந்த டிஸ்கில் வைக்க?" என்று ஒரு கேள்வி வரும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு பெயர் காட்டும். எஸ்டிஏ என்றால் ஹார்ட் டிஸ்க் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் பென் டிரைவிலிருந்து எழுப்பும்போது சில பெட்டிகளில் பென் டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும், ஹார்ட் டிஸ்க் எஸ்டிபி ஆகிவிடும். புதுக் கரு பென் டிரைவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஹார்ட் டிஸ்கில் இருந்தது பழைய லினக்ஸின் கரு. பென் டிரைவ் இருந்தவரை புதுக் கருவும் புது உறுப்புகளும் சேர்ந்து வேலை செய்தன. உருவியதும் பழைய கரு எழுந்து, அதே பார்ட்டிஷனில் புது உறுப்புகளைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றுவிட்டது.

ஆக, அந்த பென் டிரைவ்தான் சாவி. "அத ஃபார்மட் பண்ணாம வச்சிருக்கச் சொல்லு, ஒடனே போன் போடு" என்றேன். படம் ஏற்றுவதற்காக எடுத்து வைத்திருந்தாளாம்; நல்லவேளை, தொடவில்லை. சாயங்காலம் பென் டிரைவ் வந்தது. சொருகி எழுப்பினால் டெபியன் பழையபடி வந்துவிட்டது. டெர்மினலைத் திறந்து, டிஸ்க்குகளை அளவோடு பட்டியலிடச் சொன்னேன். 16 ஜிபி காட்டுவது பென் டிரைவ், 320 ஜிபி காட்டுவது ஹார்ட் டிஸ்க். பெயரை நம்பாதே, அளவைப் பார் என்பது இங்கே முக்கியமான விதி. ஹார்ட் டிஸ்க் பெயரைக் கொடுத்து கிரப்-இன்ஸ்டால், பிறகு அப்டேட்-கிரப். இரண்டே கட்டளை. பென் டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தாள். எழுந்துவிட்டது.

ஆனால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி போன். "மாமா, மெனுவுல விண்டோஸே இல்ல! தாத்தா பேசினது எல்லாம் போச்சா?"

போகவில்லை. கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயக்க முறைகளைத் தேடும் 'ஓஎஸ்-ப்ரோபர்' என்ற பகுதி பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே அணைத்து வைக்கப்படுகிறது. டெபியன் 12-இலும் அப்படித்தான். கிரப்பின் அமைப்பு ஃபைலில் அதை அனுமதித்து ஒரு வரி எழுதி, அப்டேட்-கிரப்பை மறுபடி ஓட்டினால் விண்டோஸ் மெனுவில் வந்துவிடும். அதற்கும் முன்னால், லினக்ஸின் ஃபைல் மேனேஜரிலேயே விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்து, தாத்தாவின் பதிவுகளை இரண்டு இடத்தில் காப்பி எடுக்கச் சொன்னேன். முதலில் காப்பி, அப்புறம் மெனு.

மூன்றும் நான்கும்: கெர்னலும் முகவரிச் சிக்கலும்

மெனு வந்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு நின்றால் கிரப்பை விட்டுவிடுங்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது.

"திஸ் கெர்னல் ரிக்கொயர்ஸ்..." என்று தொடங்கினால், ப்ராசஸருக்குப் பொருந்தாத லினக்ஸைப் போட்டிருக்கிறீர்கள். 32 பிட் ப்ராசஸரில் 64 பிட் கெர்னல் ஓடாது. உபுண்டு 2017-இலேயே 32 பிட் டெஸ்க்டாப் நிறுவியைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32 பிட் பிசிக்கான நிறுவி கிடையாது. 2023-இல் வந்த டெபியன் 12-இல் இருக்கிறது. மிகப் பழைய பெட்டிக்கு அதுதான் வழி.

"கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுண்ட் ரூட்" என்றால் பயங்கரமாகத் தெரியும். பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் உருவாகாமல் போயிருக்கும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போவது, அல்லது பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிடுவது இதற்குக் காரணம். பேட்டரி செத்த பழைய லேப்டாப், மின்வெட்டு, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று 2012-13 காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் முந்தைய கெர்னல் காத்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடும். பிறகு தேவையில்லாத பழைய கெர்னல்களை நீக்கி இடம் பண்ணி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினால் போதும்.

"யூயூஐடி ... டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று சொல்லி "இனிட்ராம்எஃப்எஸ்" அடையாளத்தோடு நின்றால், அது முகவரிச் சிக்கல். எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். இளையரசனேந்தல் முன்பு திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் தாலுகா. பிறகு வருவாய்த் துறைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி தாலுகா ஆனது. ஊராட்சி ஒன்றியம் மட்டும் குருவிகுளமாகவே நின்றது. ஊர் இருந்த இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை இந்த மாவட்டப் பெயர் மாதிரி. சூழ்நிலைக்கு ஏற்ப மாறும். யூயூஐடி என்பது பார்ட்டிஷனை உருவாக்கும்போது அதற்குள்ளேயே எழுதப்படும் நிரந்தர எண். லினக்ஸ் அதைத்தான் நம்புகிறது. ஆனால் அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் எண்ணும் புதுசாகிவிடும். அமைப்பு ஃபைலில் பழைய எண்ணே இருக்கும். இல்லாத ஆளைத் தேடிக்கொண்டு நிற்கும். லைவ் பென் டிரைவில் எழுப்பி, இப்போதைய எண் என்ன என்று பார்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது.

அதே இடத்தில் "ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி" என்று கேட்டால், ஃபைல் சிஸ்டத்தில் கணக்கு இடிக்கிறது. எஃப்எஸ்சிகே சரிசெய்துவிடும். ஆனால் அதை ஓட்டும் முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஐந்தாம் கட்டம்: கடைசி அடியில் தடுமாற்றம்

"ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்" என்று 90 விநாடி எண்ணிக்கொண்டிருந்துவிட்டு 'எமர்ஜென்சி மோட்' வந்தால், எஃப்எஸ்டேப் என்ற பட்டியலில் இல்லாத ஒரு பார்ட்டிஷன் எழுதியிருக்கிறது. கழற்றிவிட்ட இரண்டாவது டிஸ்க்காக இருக்கும். அந்த வரியை நீக்குங்கள், அல்லது 'நோஃபெயில்' என்று சேர்த்துவிடுங்கள். கிடைத்தால் இணை, இல்லாவிட்டால் போகட்டும் என்று அர்த்தம்.

எல்லாம் ஓடி, கடைசியில் வெறும் கருப்புத் திரை என்றால் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். கிரப் மெனுவில் 'ஈ' எழுத்தை அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் வரியைத் திருத்தலாம். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து, கண்ட்ரோல் எக்ஸ் அழுத்துங்கள். அந்த வரியில் 'கொயட்' என்று இருப்பதையும் எடுத்துவிட்டால், வழக்கமாக மறைத்து வைக்கும் செய்திகள் எல்லாம் ஓடும். எங்கே நின்றது என்று கண்ணாலேயே பார்க்கலாம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி.

பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் மறுபடி மறுபடி லாகின் திரைக்கே வந்தால், டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே உள்ளே போய்க் குப்பையைக் காலி செய்யலாம்.

ஃபைலா, டிஸ்கா?

பத்து வருஷ ஹார்ட் டிஸ்கில் ஒரு கேள்வியை எப்போதும் கேட்க வேண்டும். கெட்டது டிஸ்கில் எழுதியிருப்பதா, டிஸ்கேவா? லைவ் பென் டிரைவில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி கிடைக்கும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளை அது காட்டும். இடம் மாற்றப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு எண்ணைப் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. இரண்டாவது எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகக் கிடக்கிறது.

அந்த நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டக் கூடாது. அது சரிசெய்கிறேன் என்று டிஸ்கில் எழுதத் தொடங்கும்; சாகக் கிடக்கும் டிஸ்கில் எழுதுவது ஆபத்து. முதலில் டிடிரெஸ்க்யூ கருவியால் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுத்து, பழுது பார்ப்பதை நகலில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்கு அப்புறம் வரும்.

என்ன வரிசையில் செய்வது

1. திரையைப் போட்டோ எடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சாட்சி போய்விடும்.
2. கடைசியாகப் பேசியது யார்? பயாஸா, கிரப்பா, கெர்னலா, சிஸ்டம்டியா? அதை முடிவு செய்யுங்கள்.
3. கடைசியாக என்ன மாறியது என்று கேளுங்கள். பென் டிரைவ் எடுத்தது, பார்ட்டிஷன் அழித்தது, அப்டேட் நடுவில் கரண்ட் போனது, பேட்டரி கழற்றியது. பதில் பாதி அதிலேயே இருக்கும்.
4. லைவ் பென் டிரைவில் எழுப்பி, "நிறுவு" என்பதைத் தொடாமல் "முயன்று பார்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள்.
5. முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள்.
6. அதன் பிறகு, நின்றுபோன அந்த ஒரு கட்டத்தை மட்டும் சரிசெய்யுங்கள்.

கிரப்பைத் திரும்பப் போட வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் லினக்ஸ் எந்த வழியிலும் எழவில்லை என்றால் சிஎச்ரூட் என்ற முறை உண்டு. லைவ் பென் டிரைவில் எழுப்பி, டிஸ்கில் இருக்கும் லினக்ஸ் பார்ட்டிஷனை இணைத்து, அதற்குள் நுழைந்து, அதுவே ஓடுவது போல வைத்து கிரப்-இன்ஸ்டால் கட்டளையைக் கொடுக்கலாம். கேட்க மந்திரம் மாதிரி இருக்கும். வெளிக்கதவு பூட்டிக்கொண்ட வீட்டுக்குள் பக்கத்து வீட்டு மாடி வழியாக இறங்கி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறப்பதுதான் அது.

கடைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பெட்டியைப் பார்ப்பவருக்கு ஃபார்மட் செய்வது அரை மணி வேலை, காரணம் தேடினால் அரை நாள். அவருக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் அந்த டிஸ்கில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், "மொதல்ல டேட்டாவ எடுத்துருங்கண்ணே, அதுக்கப்புறம் என்னமும் பண்ணுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதற்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம்.

வீட்டில் அலமாரிக்கு மேல் அரசு லேப்டாப் ஒன்று தூசி படிந்து கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். எழுந்தால் சந்தோஷம். எழாவிட்டால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை முழுசாக வாசியுங்கள்.